நாற்பது ஓட்டை அட்டை

அட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். மழை வருவது போலப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த புழுக்கம். ஜன்னல் வழியாக ஆற்றுச் சேற்று வாசனை வந்துகொண்டிருந்தது. மேசையில் விடைத்தாள் கட்டு, பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போன டீ, கையில் அந்த அட்டை.

அட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சரியான விடைக்கு நேராக இருக்கும் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தாளையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்தினால் கண் அவிந்துபோகும். அதனால் பழைய காலண்டர் அட்டையைத் தாள் அளவுக்கு வெட்டி, சரியான விடை வருகிற இடங்களில் மட்டும் ஓட்டை போட்டு வைத்துக்கொள்வேன். தாளின் மேல் அட்டையை வைத்தால் போதும். எத்தனை ஓட்டையில் மை தெரிகிறதோ அத்தனை மதிப்பெண்.

இந்தத் தாளில் ஒரு ஓட்டையிலும் மை தெரியவில்லை. நாற்பதும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அட்டையைத் திருப்பி வைத்தேன். தப்பு, அடையாளத்துக்கு நான் வெட்டி வைத்த மூலை பொருந்தவில்லை. ஏற்கெனவே திருத்திய ஒரு தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். அங்கே மை ஒழுங்காகத் தெரிந்தது. அட்டை மேல் குற்றமில்லை. அப்புறம் அட்டையை ஒதுக்கிவிட்டு அந்தத் தாளையே பார்த்தேன். நாற்பது கேள்விக்கும் வட்டம் நிரப்பியிருந்தது. கோடு தாண்டாமல், அழுத்தமாக, நிதானமாக. அத்தனையும் தப்பு.

பெயர் எழுதும் இடத்தில் சுபிதா என்று இருந்தது. எட்டாம் வகுப்பு.

எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சடகோபன் சார் தலையைத் தூக்கினார். எங்கள் பள்ளித் தமிழாசிரியர். தினமும் ஆழ்வார்திருநகரியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருகிறவர். ரயிலில் மிச்சம் வைத்த கிண்டலையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் வந்து செலவழிப்பார்.

“என்ன டீச்சர், பேயறஞ்ச மாதிரி இருக்கிய?”

“ஒரு பிள்ள சைபர் வாங்கியிருக்கா சார்.”

“ஒங்க வகுப்புலயா? நம்ம பக்கம் அனுப்பிருங்க. எனக்கும் ஆள் கூடட்டும்.”

சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பு நடக்கும். ஆற்றுப் பக்கக் கட்டடத்தில் மீத்திறன் மாணவர் வகுப்பு, அது என்னுடையது. எதிர்க் கட்டடத்தில் மெல்லக் கற்போர் வகுப்பு, அது சடகோபன் சாருடையது. நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு குழாயும்.

என் தகுதி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுக்கிறவர்களுக்காக: என் பெயர் ரெஜினா. கணக்கு டீச்சர். ராதாபுரம் தாலுகாவில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, திருநெல்வேலிக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். கோபக்காரி என்று பெயர் உண்டு. அதை நான் மறுத்ததில்லை.

மீத்திறன் வகுப்புக்கு நான் ஒருங்கிணைப்பாளர் ஆனதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. தலைமையாசிரியை ஒருநாள் கூப்பிட்டு, “ஒங்க பிள்ளைங்கதான் பெரிசாயிட்டாங்கள்லா, சனிக்கிழமை வீட்ல என்ன செய்யுதிய?” என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் கையில் ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டார். மாவட்டத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகளை வழிநடத்த என்னிடம் இருந்த தகுதி அவ்வளவுதான்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். புதிர், கணக்கு, அறிவியல் சோதனை, விவாதம் என்று போகும். வருடம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு தேர்வு. எங்கள் மையத்திலிருந்து முதல் இரண்டு பேரை வெளி மாவட்டத்தில் இருக்கும் ஒரு சிறப்புப் பள்ளிக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அங்கே போன பிள்ளைகள் நாம் வாசலில்கூட நின்றிராத கல்லூரிகளுக்குள் போகிறார்கள். அதனால் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு அந்தத் தேர்வு உயிர்.

ஒருமுறை எங்கள் மையத்துப் பையன் ஒருவன் தேர்வானதும் அவன் தகப்பனார் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். பையன் படத்துக்குக் கீழே என் படமும் இருந்தது. படம் எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதில் நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் இந்த வகுப்பை நடத்திய பிறகும், மீத்திறன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பயிற்சியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆர்வம், வேகம், ஓயாமல் கேள்வி கேட்பது, சொன்னதை அப்படியே ஏற்காதது என்று அடையாளங்கள் போட்டிருந்தது. அதை வைத்துப் பார்த்தால் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்குத்தான் முதலிடம். சொன்ன விலையை அந்த அம்மாள் ஒருநாளும் ஏற்றதில்லை.

மலையிலிருந்து வந்தவள்

சுபிதா மாஞ்சோலைப் பிள்ளை. மலையில் தேயிலைத் தோட்டத்தை மூடி, வேலை செய்தவர்கள் எல்லோரும் கீழே இறங்கின சமயத்தில் அவளும் அவள் அம்மா பாக்கியமும் இங்கே வந்தார்கள். அப்பா வேறொரு தோட்டத்தில் வேலை தேடிக் கேரளாவுக்குப் போய்விட்டார். எப்போதாவது வருவார். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்கு வீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் தாயும் மகளும் இருந்தார்கள்.

வந்த புதிதில் அவள் பையில் ஒரு ஸ்வெட்டர் மடித்து இருக்கும். பாளையங்கோட்டை வெயிலில் ஸ்வெட்டர்! மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். “காலைல பைய எடுக்கும்போது அதுவும் கூட வந்துருது டீச்சர்” என்றாள். வெளியே ரோட்டில் பஸ் கியர் மாற்றினால் திரும்பிப் பார்ப்பாள். மேலே இருந்தபோது வளைவில் பஸ் ஏறும் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவார்களாம். இங்கே நிமிடத்துக்கு ஒரு பஸ். பாவம், அந்தப் பிள்ளைக்கு மணியே குழம்பிப்போயிருக்கும்.

கொஞ்ச நாளில் ஸ்வெட்டர் காணாமல் போனது. பஸ்ஸைத் திரும்பிப் பார்ப்பதும் நின்றது. குழாயடியில் நாலு பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். ஒருநாள், ‘ஒன்றிலிருந்து நூறு வரை எழுதினால் ஒன்பதை எத்தனை தடவை எழுதுவோம்?’ என்று கேட்டேன். பத்து என்றார்கள், பதினொன்று என்றார்கள், ஒருவன் பத்தொன்பது என்றான். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “இருவது. தொண்ணூத்தொம்பதுல ரெண்டு இருக்கு, அத விட்டுட்டான்” என்றாள். அவன் எங்கே தப்பு செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்ட பிள்ளைதான் சைபர்.

லட்சத்தில் ஒருத்தி

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். பளிச்சென்று பிடிபட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் திடுக்கிடும்படி “அடிப் பாவி!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ஒன்றுமே தெரியாத ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டாலும் நான்கில் ஒன்று சரியாக விழும். நாற்பதில் ஏறக்குறைய பத்து. நாற்பதும் தப்பாக விழ வேண்டுமானால் அது லட்சத்தில் ஒருவருக்கு நடக்கலாம். அல்லது, நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் அதை ஒவ்வொரு தடவையும் தவிர்க்க முடியும்.

அவள் எடுத்தது சைபர் இல்லை. நாற்பதுக்கு நாற்பது!

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல், நேராக அந்த அடுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். சுபிதா வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். பாக்கியம் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் உதவி வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். மூச்சு வாங்க மாடி ஏறிப் போய், “ஒங்க மவ லட்சத்துல ஒருத்திம்மா” என்றேன். முழுவதையும் விளக்கினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“அவ போவட்டும் டீச்சர். நான் எப்பிடியும் இருந்துக்கிடுவேன். அவ போயிரட்டும்.”

திங்கட்கிழமை, மாவட்டத்தில் இந்த வகுப்புகளைப் பார்க்கும் அதிகாரியிடம் போய் மன்றாடினேன். அவர் சிரித்தார். சைபருக்காக வாதாட வந்த முதல் டீச்சர் நான்தான் என்றார். ஆனால் நல்ல மனிதர். வேறொரு கேள்வித்தாளை வைத்து, அவளுக்கு மட்டும் ஒரு மறுதேர்வு நடத்த ஒப்புக்கொண்டார்.

எல்லோரிடமும் பேசியாயிற்று. அம்மாவிடம், அதிகாரியிடம், சடகோபன் சாரிடம், என் வீட்டுக்காரரிடம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம்கூட. அந்தப் பிள்ளையிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

கொஞ்சம் என் கதை

இடையில் இதைச் சொல்லாமல் போனால் என்னை நீங்கள் முழுக்கத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

நானும் இப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்ட பிள்ளைதான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரி, வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்ன என்னைப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டை போர்டிங்கில் சேர்க்க ஏற்பாடு செய்தார். அப்பா கடலுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா என்னை பஸ் ஏற்றினார். போர்டிங் குசினியில் கொதிக்கிற சோற்றுக் கஞ்சி வாசனையும், மதியத்தில் மீன் இல்லாத தட்டும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. கடல் சத்தம் இல்லாமல் பல நாள் தூக்கம் வரவில்லை. அழுதேன். அப்புறம் பழகிவிட்டது.

அதனால்தான் டீச்சர் ஆனேன். இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேன்? தெரியாது. நல்லதுதான் நடந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனாலும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அங்கேயே இருந்துவிட்ட என் தங்கச்சி வாசலில் நின்று, “வாங்க” என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். ‘வா’ என்று சொல்ல மாட்டாள். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

குழாயடியில்

அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் சுபிதா குழாயில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“ஏட்டி, சைபர் வாங்கதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டியோ?”

அவள் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அடைத்தேன்.

“எப்பிடிக் கண்டுபிடிச்சிய?”

“அத அப்பறம் சொல்லுதேன். ஏன் அப்பிடிச் செஞ்ச?”

டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தாள், மூடினாள். “நான் போவல டீச்சர்.”

“அதான் ஏன்னு கேக்கேன்.”

“ஒரு தடவ எறங்கியாச்சுல்லா டீச்சர். அப்ப எங்கிட்ட யாரும் கேக்கல. இப்பதான் இங்கன கொஞ்சம் பழகியிருக்கு.”

இவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளை பேசுகிறது. ஒரு நல்ல டீச்சர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அதெல்லாம் அங்கயும் பழகிரும், நானே பழகலயா?” என்று ஒரு வரியில் தள்ளிவிட்டு, நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்திருக்கும்.

வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் வட்டம் வட்டமாகப் போட்டேன். நான்கு வட்டத்தில் ஒன்று. இரண்டு கேள்வி என்றால் எப்படி, மூன்று என்றால் எப்படி, நாற்பது என்றால் எப்படி. நான் நடத்திய பாடங்களிலேயே அதுதான் சிறந்தது என்று கோயிலில் நின்றுகூடச் சொல்வேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் இமைக்காமல் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“அப்ப ஒண்ணுமே தெரியாதவ எழுதுனா எத்தன சரியா இருக்கும் டீச்சர்?”

எவ்வளவு நல்ல கேள்வி! எனக்குப் புல்லரித்தது.

“பத்து. எட்டும் வரலாம், பன்னெண்டும் வரலாம். சராசரி பத்து. அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு விழும், வரிசையா விழாது.”

“வரிசையா விழாதா?”

“விழவே விழாது.”

தலையாட்டிக்கொண்டாள். மணி அடித்தது. மண்ணில் போட்ட வட்டங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். சரி, பிள்ளை வழிக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பத்து

மறுதேர்வுக்குப் புதிய கேள்வித்தாள். புதிய அட்டையை நானே வெட்டினேன். சடகோபன் சார் மேற்பார்வை. அவள் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவர் சொன்னார்.

தாளின் மேல் அட்டையை வைத்தேன். மை தெரிந்த ஓட்டைகளை எண்ணினேன். பத்து. இன்னொரு தடவை எண்ணினேன். பத்துதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக, வரிசையே இல்லாமல்.

முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் நான் செய்தது உறைத்தது. நாடகமாடத் தெரியாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு, மாட்டாமல் ஆடுவது எப்படி என்று மண்ணில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அப்படித்தானா? அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. இன்றுவரை தீரவில்லை.

சைபர் வாங்கியபோது எனக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரிந்தது. பத்து வாங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த கெட்டிக்காரி வேண்டுமென்றே எடுத்த பத்தும், ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு விழுந்த பத்தும் ஒரே பத்துதான். இந்தத் தாள் உண்மையிலேயே கடினமாக இருந்திருக்கலாம். பயத்தில் மறந்திருக்கலாம். முதல் தேர்வுதான் அந்த லட்சத்தில் ஒரு தற்செயலோ என்னவோ. நான்தான் என் கணக்கில் மயங்கிக் கூத்தடித்தேனோ?

முதல் கேள்வியில், இருபத்தொன்று, இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பத்துமூன்று இவற்றில் பகா எண் எது என்று கேட்டிருந்தது. அதைத் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். இருபத்தேழு என்று போட்டிருந்தாள். ஆனால் முப்பத்தேழாவது கேள்வி, எனக்கே இரண்டு தாள் தேவைப்பட்ட கேள்வி, அது சரி. அடுத்த வாரம் அதை வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. அதை மட்டும் தப்பாகப் போட அவளுக்கு மனசு வரவில்லையோ? அல்லது நான்கில் ஒன்று தானாக விழுந்ததோ?

அதிகாரியிடம் போனில் சொன்னேன். “லட்சத்துல ஒருத்தின்னு சொன்னிய. இப்பச் சரியா சராசரில வந்து நிக்காளே டீச்சர்” என்றார். கிண்டல்தான். இந்தப் பத்தும் வேண்டுமென்றே எடுத்ததுதான் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார். அதுவும் போக, சொன்னால் அவளுக்கு மூன்றாவது தேர்வு. சொல்லாவிட்டால் அவள் அம்மாவுக்குத் துரோகம். இரண்டு பக்கமும் இடித்தது.

கூடையை இறக்கினவர்

பாக்கியம் இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தார். வேலைக்குப் போகிற வழி. வலது கைப் பெருவிரல் நுனியில் தேயிலைக் கறை இன்னும் கறுப்பாக இருந்தது. இறங்கி எவ்வளவு நாளாகியும் போகவில்லை.

“எத்தன டீச்சர்?”

“பத்து.”

“நாப்பதுக்கா?”

“ஆமாம்மா.”

அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு மெதுவாக, “சரியா பத்தா? ஒம்பது, பதினொண்ணு அப்பிடில்லாம் இல்லயே?” என்றார்.

“சரியா பத்து.”

“ஒண்ணும் தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு வரும்னு அன்னைக்கி நீங்க வீட்ல சொன்னிய?”

அன்றைக்கு விளக்கியது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ என்று எழுதினேன் இல்லையா? எல்லாம் புரிந்திருக்கிறது.

“மலைல ஒரு நாளைக்கி இத்தன கிலோ இலைன்னு அளவு உண்டு டீச்சர். என் கை வேகமான கை. மத்தவங்களுக்கு முன்னாடியே எனக்கு முடிஞ்சிரும். இன்னும் பறிக்கலாம், கைக்குத் தெம்பு உண்டு. ஆனா இவ அப்ப கைப்பிள்ள. தொட்டில்ல கிடப்பா. அளவு வந்ததும் கூடைய எறக்கிருவேன். எடை போடுதவரு சிரிப்பாரு, ‘என்ன பாக்கியம், தராசக் கையிலயே வச்சிருக்கியா’ன்னு. கூடாம கொறையாம சரியா வந்து நிக்கணும்னா, அதுக்குத்தான் டீச்சர் வேல நல்லாத் தெரிஞ்சிருக்கணும்.”

என்னால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

“நான் இவளுக்காகக் கூடைய எறக்குனேன். இவ யாருக்காக எறக்குதா?”

பழகின ஊருக்காகவா, குழாயடித் தோழிகளுக்காகவா, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கப்போகிற அம்மாவுக்காகவா? குழாயடியில் அவள் சொன்னதை அவரிடம் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அந்தப் பத்தை நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“நான் போவச் சொன்னது தப்பா டீச்சர்? அவ செஞ்சது தப்பா?”

“எனக்குத் தெரியலம்மா.”

“நீங்க கணக்கு டீச்சர்ல்லா?”

அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் சுருக்கென்றது.

“வேணும்னா இன்னொரு தடவ எழுத வைக்கக் கேட்டுப் பாக்கேன்” என்றேன்.

வெளியே பிள்ளைகள் சத்துணவுக்கு வரிசையில் நின்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ‘வேண்டும்’ என்று சொல்ல அவர் பல தடவை வாயெடுத்தார் என்று எனக்குத் தோன்றியது.

“வேண்டாம். ஒருக்க யாரும் கேக்காம கொண்டாந்துட்டோம். மறுபடியும் அப்பிடியே ஏத்திவிட வேண்டாம்.” எழுந்துகொண்டார். “லட்சத்துல ஒருத்தின்னு மட்டும் நீங்க வந்து சொல்லாம இருந்திருக்கலாம் டீச்சர். எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிருக்கும். இனிமே தெனமும் நெனப்பேன்லா.”

வாசல் வரை போய்த் திரும்பினார். “நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லாதிய. அவ என்னைய ஏமாத்திட்டதாவே இருக்கட்டும்.”

வேறு இரண்டு பிள்ளைகளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நல்ல பிள்ளைகள், தகுதியான பிள்ளைகள்.

பெயர் கூப்பிடுவது

தேர்வுக்குப் பிறகு வகுப்புப் பட்டியல் மாறும். மதிப்பெண் குறைந்தவர்கள் எதிர்க் கட்டடத்துக்குப் போக வேண்டும். பத்து மதிப்பெண்காரி சுபிதா, சடகோபன் சாரின் மெல்லக் கற்போர் வகுப்புக்குப் போனாள்.

இரண்டாவது சனிக்கிழமை சடகோபன் சார் வேப்பமரத்தைத் தாண்டி வந்தார். பின்னால் பையோடு அவள்.

“இவள நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர். எங்க பிள்ளைங்களுக்கு இவதான் கணக்கு சொல்லிக் குடுக்கா. அவனுவளும் பத்துக்கு மேல எடுக்க ஆரம்பிச்சிட்டானுவ. இப்பிடியே போனா எனக்கு வகுப்பே இருக்காது.”

“பட்டியல்ல பேர் இல்லையே சார்.”

“பேரு இல்லன்னா என்ன, ஆளு இருக்காள்லா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் போய்க் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போ என்று சொல்வதா, இரு என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இவள் இங்கே உட்கார்ந்தால் அடுத்த வருடம் யாராவது கேட்பார்கள். எழுப்பி அனுப்பினால் நான் என்ன டீச்சர்? தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.

புதிய பட்டியலில் இருபத்துமூன்று பெயர். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். இருபத்துமூன்றும் முடிந்தது. பதிவேட்டை மூடப்போனேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“உள்ளேன் டீச்சர்.”

நான் அந்தப் பெயரைக் கூப்பிடவே இல்லை. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். என் பேனாவும் திறந்தேதான் இருந்தது. எங்கே எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.